டிரேஸ் ரொட்டீன் எழுதப் போகிறீர்களா? ஆர்15-ல் கை வைக்கும் முன்

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் காய்கறி லாரியைக் குஞ்சப்பனை செக்போஸ்ட்டில் நிறுத்துகிறார்கள். வண்டி எண்ணைக் குறிக்கிறார்கள், நேரத்தை எழுதுகிறார்கள், விட்டுவிடுகிறார்கள். கேரட் மூட்டையைப் பிரித்து அடுக்குவது அவர்கள் வேலை இல்லை. மெயின்ஃபிரேம் என்ற பெருங்கணினியில் டிரேஸ் ரொட்டீனுக்கும் இதே சட்டம்தான். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமின் நடுவே ஒரு நொடி புகுந்து, இருப்பதைக் குறித்துக்கொண்டு, வந்த சுவடு தெரியாமல் வெளியேற வேண்டும். எழுதுவது சுலபம். சுவடு தெரியாமல் வெளியேறுவதில்தான் புதியவர்கள் வழுக்கி விழுகிறார்கள். ஆகவே இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான்.

எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து கோவைக்கும் சென்னைக்கும் மெயின்ஃபிரேம் டிரெய்னியாகப் போகிற பிள்ளைகளை மனதில் வைத்து எழுதுகிறேன். கோபால் (COBOL) நிரல்மொழி, வேலைகளை ஓட்டச் சொல்லும் ஜேசிஎல் இரண்டும் கொஞ்சம் தெரியும், இயந்திரக் கட்டளைகளை நேராக எழுதும் அசெம்பிளரைப் பார்த்தால்தான் பயம் என்பவர்களுக்கு இது பொருந்தும்.

பழக ஓர் இடம்

லேப்டாப்பில், மெயின்ஃபிரேமைப் போல நடிக்கும் ஹெர்குலிஸ் எமுலேட்டரைப் போட்டு, அதன் மேல் ஐபிஎம்மின் பழைய இயங்குதளமான எம்விஎஸ் 3.8ஜே ஓட்டுங்கள். டிகே4, டிகே5 என்ற பெயர்களில் எல்லாம் சேர்த்துக் கட்டிய தொகுப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒருமுறை இறக்கிவிட்டால் இணையமே வேண்டாம். சிக்னலுக்காக மாடியேறுகிற நமக்கு அது பெரிய விஷயம். ஐப்பசி மழையில் கரண்ட் எப்போது போகும் என்று யாரும் சொல்ல முடியாது, அதனால் பேட்டரி நிற்கிற லேப்டாப்பாக இருக்கட்டும். டிஸ்க் கோப்புகளையும் நகல் எடுத்து வைத்துவிடுங்கள். எம்விஎஸ்ஸின் இன்றைய வாரிசான இசட்/ஓஎஸ்ஸைக் கண்ணால் பார்க்க விரும்பினால் ஐபிஎம் இசட் எக்ஸ்ப்ளோர் என்ற இணையப் பயிற்சித் தளம் இருக்கிறது. அதற்கு மட்டும் நல்ல இணைப்பு தேவை.

எம்விஎஸ் 3.8ஜே பழையது, 24-பிட் முகவரி மட்டுமே தெரிந்தது. கவலை வேண்டாம். 1964-ல் அறிவிக்கப்பட்ட சிஸ்டம்/360-ன் காலத்தில் உருவான இந்த மரபுகள் இன்றும் பெரும்பாலும் அப்படியே ஓடுகின்றன.

ஐந்து ரெஜிஸ்டர்கள்

பொது ரெஜிஸ்டர்கள் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் சின்னச் சேமிப்பிடங்கள்) 0 முதல் 15 வரை, அதாவது ஆர்0 முதல் ஆர்15 வரை, மொத்தம் பதினாறு. அவற்றில் ஐந்துக்கு மட்டும், ஒரு ரொட்டீன் இன்னொன்றை அழைக்கும்போது, நிலையான வேலை உண்டு.

ஆர்1-ல் பராமீட்டர் பட்டியலின் முகவரி இருக்கும். பட்டியலில் இருப்பவை மதிப்புகள் அல்ல, முகவரிகள். கடைசி முகவரியின் முதல் பிட் 1 ஆக இருந்தால் பட்டியல் அங்கே முடிகிறது என்று அர்த்தம். ஆர்13-ல் அழைப்பவர் தரும் சேவ் ஏரியாவின் (ரெஜிஸ்டர்களைப் பத்திரப்படுத்தும் இடத்தின்) முகவரி. ஆர்14-ல் திரும்பிப் போக வேண்டிய முகவரி. ஆர்15-க்கு இரண்டு வேலை: போகும்போது அழைக்கப்படும் ரொட்டீனின் நுழைவு முகவரி, வரும்போது ரிட்டர்ன் கோடு, அதாவது வேலை எப்படி முடிந்தது என்று சொல்லும் எண். ஆர்0-ல் சில சேவைகள் கூடுதல் காரணக் குறியீட்டைத் தரும்.

அழைக்கப்பட்ட ரொட்டீன் 2 முதல் 14 வரை உள்ளவற்றை வந்தபடியே திருப்பித் தர வேண்டும். 0, 1, 15 மூன்றும் மாறலாம். சாதாரண ரொட்டீனுக்கு இது போதும், டிரேஸ் ரொட்டீனுக்குப் போதாது. ஏன் என்பது கொஞ்சம் கீழே.

ஒரு எச்சரிக்கை: இது எம்விஎஸ் வழிவந்த மரபு. அதே இயந்திரத்தில் லினக்ஸ் ஓடினால் ஆர்15 ஸ்டாக் பாயிண்டர், திரும்பும் மதிப்பு ஆர்2-ல் வரும். இணையத்தில் பார்த்த துண்டு நிரலை ஒட்டும் முன் அது எந்த வீட்டுப் பிள்ளை என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

சேவ் ஏரியா

72 பைட், அதாவது 18 வேர்டு. தொடக்கத்திலிருந்து 4-வது பைட்டில் முந்தைய சேவ் ஏரியாவின் முகவரி, 8-ல் அடுத்ததன் முகவரி, 12-ல் ஆர்14, 16-ல் ஆர்15, 20-ல் ஆர்0, 24-ல் ஆர்1, இப்படியே போய் 68-ல் ஆர்12. ஆர்13-க்கு இந்த வரிசையில் இடம் இல்லை. 4-வது பைட்டில் உள்ள பின்சங்கிலியே அதன் வேலையைச் செய்கிறது.

நுழைந்ததும் ரெஜிஸ்டர்களை (14, 15, பிறகு 0 முதல் 12 வரை) 12-வது பைட்டிலிருந்து சேமிக்க எழுதும் வரி எல்லாருக்கும் மனப்பாடம்:

எஸ்டிஎம் 14,12,12(13)

டம்ப் (புரோகிராம் விழுந்தபோது எடுத்த நினைவக நகல்) பார்க்கும்போது இந்த அமைப்பு கைகொடுக்கும். ஆர்13-ஐப் பிடித்து, 4-வது பைட் வழியே பின்னோக்கிப் போனால் யார் யாரை அழைத்தார்கள் என்ற வரிசை கிடைத்துவிடும். ஒவ்வொரு ஏரியாவிலும் 16-ல் இருப்பது அழைக்கப்பட்டவரின் நுழைவு முகவரி, 12-ல் இருப்பது அழைத்தவருக்குள் திரும்ப வேண்டிய இடம். 31-பிட் முறையில் ஓடும் புரோகிராமில் ஆர்14 எட்டில் தொடங்குவதைப் பார்த்துப் புதியவர்கள் திகைப்பார்கள். முதல் பிட் முகவரி முறையைச் சொல்கிறது, அது முகவரியின் பகுதி அல்ல. அதை நீக்கிவிட்டுப் படியுங்கள்.

சேவ் ஏரியாவில் இன்னொரு பொறி உண்டு. யாரையும் அழைக்காத சின்ன ரொட்டீன்கள் தங்களுக்கென்று சேவ் ஏரியா வைத்துக்கொள்வதில்லை. ஆர்13 இன்னமும் அவர்களை அழைத்தவருடைய ஏரியாவைத்தான் காட்டிக்கொண்டிருக்கும். அந்த மாதிரி ஒன்றுக்குள் டிரேஸ் அழைப்பைச் செருகினால், டிரேஸ் ரொட்டீனின் எஸ்டிஎம் அதே ஏரியாவின் மேல் எழுதிவிடும். 12-வது பைட்டில் இருந்த பழைய ஆர்14 போய், டிரேஸ் அழைப்புக்கு அடுத்த வரியின் முகவரி அங்கே உட்கார்ந்துகொள்ளும். சின்ன ரொட்டீன் வேலை முடித்து எல்எம் (சேமித்ததைத் திரும்ப ஏற்றுவது), பிஆர் 14 (ஆர்14 காட்டும் இடத்துக்குத் தாவுவது) செய்தால் தனக்குள்ளேயே திரும்பி வரும். மறுபடி முடிக்கும், மறுபடி வரும். வேலை எஸ்322-ல், அதாவது சிபியு நேரம் தீர்ந்து, விழும்வரை இந்தச் சுற்று நிற்காது. டிரேஸ் போட்ட பிறகுதான் எஸ்322 வருகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். செருகும் ரொட்டீனுக்குச் சொந்த சேவ் ஏரியா இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கொடுங்கள்.

கண்டிஷன் கோடு என்ற இன்னொரு ஆள்

ரிட்டர்ன் கோடு ஆர்15-ல் இருக்கும் ஓர் எண். கண்டிஷன் கோடு என்பது பிஎஸ்டபிள்யூவில் (ஓடும் புரோகிராமின் நிலையைச் சொல்லும் இடத்தில்) இருக்கும் இரண்டு பிட், 0 முதல் 3 வரை. ஒப்பிடுதல், கூட்டல் போன்ற கட்டளைகள் அதை மாற்றும். அதைப் பார்த்துத்தான் கிளைக் கட்டளைகள் போகும் திசை முடிவாகும். ஜாப் லாகில் ஸ்டெப் முடிந்ததும் ‘காண்ட் கோடு 0000’ என்று வருகிறதே, அது ஆர்15-லிருந்து வந்த ரிட்டர்ன் கோடு. பெயரில் குழப்பம், அவ்வளவுதான்.

டிரேஸ் ரொட்டீன் இதையும் காக்க வேண்டும். எல்டிஆர் 15,15-க்கும் (ஆர்15 சுழியா என்று பார்ப்பது) அதன் கீழே உள்ள பிஎன்இசட்டுக்கும் (சுழி இல்லையென்றால் தாவுவது) நடுவில் யாராவது டிரேஸைச் செருகத்தான் போகிறார்கள். எம்விஎஸ் 3.8ஜேயில் பிஏஎல்ஆர் 2,0 என்று எழுதினால் ஆர்2-ன் முதல் பைட்டில் கண்டிஷன் கோடு வந்து சேரும். புதிய இயந்திரங்களில் அதற்கு ஐபிஎம் 2 (IPM, நிறுவனத்தின் பெயர் அல்ல) என்று தனிக் கட்டளை இருக்கிறது. திருப்பி வைக்க இரண்டிலுமே எஸ்பிஎம் 2.

எஸ்டிஎம், எல்எம், எல், எல்ஏ, எல்ஆர், எஸ்டி, பிஏஎல்ஆர் இவை கண்டிஷன் கோடைத் தொடாது. எஸ்ஆர், எல்டிஆர், எக்ஸ்சி, சிஎல்சி தொடும். ஆகவே எஸ்பிஎம்முக்குப் பிறகு ஆர்15-ஐச் சுழியாக்கப் பழக்கதோஷத்தில் எஸ்ஆர் 15,15 எழுதிவிடாதீர்கள். எல்ஏ 15,0 எழுதுங்கள்.

ரொட்டீனின் எலும்புக்கூடு

நுழைவு:

எஸ்டிஎம் 14,12,12(13)
எல்ஆர் 12,15
யூசிங் டிரேஸ்,12
பிஏஎல்ஆர் 2,0
எல்ஆர் 4,1
எல்ஏ 3,என்ஏரியா
எஸ்டி 13,4(,3)
எஸ்டி 3,8(,13)
எல்ஆர் 13,3

ஆர்1-ஐ ஆர்4-க்கு மாற்றியது சும்மா இல்லை. நடுவில் டபிள்யூடிஓ (ஆபரேட்டர் திரையில் செய்தி போடுவது), கெட்மெயின் (நினைவகத்தில் இடம் வாங்குவது) போன்ற மேக்ரோக்களை, அதாவது ஒரே பெயரில் பல வரிகளாக விரியும் சுருக்கங்களை, பயன்படுத்தினால் 0, 1, 14, 15 நான்கும் போய்விடும். பராமீட்டர் பட்டியலும் அதோடு போகும்.

நடுப்பகுதி உங்கள் விருப்பம். நினைவகத்தில் ஒரு பட்டியல் வைத்து, நேரத்தையும் லேபிளையும் தரவின் முதல் சில பைட்டுகளையும் எழுதி, பட்டியல் நிறைந்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்குவது நல்ல முறை. திரையில் டபிள்யூடிஓ போடுவது கற்றுக்கொள்ளும்போது சரி. ஆயிரக்கணக்கான ரெக்கார்டு ஓடும் வேலையில் அதைச் செய்தால் ஆபரேட்டர் உங்கள் பெயரைக் கேட்டு வருவார்.

வெளியேற்றம் (ரிட்டர்ன் கோடை ஆர்5-ல் வைத்திருக்கிறோம் என்று கொள்வோம்):

எல் 13,4(,13)
எல்ஆர் 15,5
எஸ்பிஎம் 2
எல் 14,12(,13)
எல்எம் 0,12,20(13)
பிஆர் 14

எல்எம் 14,12,12(13) என்று ஒரே வரியில் எழுதாமல் இரண்டாகப் பிரித்ததற்குக் காரணம் ஆர்15. ஒரே வரியில் எழுதினால் சேமித்த பழைய ஆர்15 வந்து ரிட்டர்ன் கோடை அழித்துவிடும். ரிட்டர்ன் (14,12),ஆர்சி=(15) என்ற மேக்ரோவும் இப்படித்தான் பிரிக்கிறது. இன்னொரு வழி, எஸ்டி 5,16(,13) என்று சேவ் ஏரியாவிலேயே ஆர்15-ன் இடத்தில் கோடை எழுதிவிட்டு ஒரே எல்எம்மில் வெளியேறுவது. எனக்கு இரண்டாவது பிடிக்காது. பிறகு டம்ப் பார்ப்பவருக்கு 16-வது பைட்டில் நுழைவு முகவரி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் 8 கிடக்கும்.

கெட்மெயினில் வாங்கிய இடத்தை விடுவிக்க வேண்டுமென்றால் அதை எல்ஆர் 15,5-க்கு முன்பே முடித்துவிடுங்கள். ஃப்ரீமெயினும் ஆர்15-ஐ மாற்றும்.

ஆர்15-ல் இரண்டு பேர்

இதை வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு பையன் கேட்டான்: “அண்ணா, முன்னாடி கூப்பிட்ட ரொட்டீனோட ரிட்டர்ன் கோடும் ஆர்15-லதான் இருக்கும். டிரேஸோட ரிட்டர்ன் கோடும் ஆர்15-லதான் வரும். அப்போ முன்னது எங்கண்ணா போகும்?”

சரியான கேள்வி. முன்னது காணாமல்தான் போகும். இன்னும் மோசம் என்னவென்றால், டிரேஸ் ரொட்டீன் எவ்வளவு கவனமாக எழுதப்பட்டிருந்தாலும் அதைக் காப்பாற்ற முடியாது. அழைப்பதற்காக எல் 15,=வி(டிரேஸ்) என்ற வரி ஓடிய அந்த நொடியிலேயே பழைய ஆர்15 அழிந்துவிட்டது. பிஏஎல்ஆர் 14,15-ல் ஆர்14-ம் போகிறது. ரொட்டீனுக்குள் நுழைந்து எஸ்டிஎம் செய்யும்போது சேமிப்பது தன் சொந்த முகவரியைத்தான்.

ஆகவே காப்பாற்றும் வேலையை அழைக்கும் பக்கத்தில், ஒரு மேக்ரோவுக்குள் வைக்க வேண்டும்:

எஸ்டிஎம் 14,1,வைப்பு
எல்ஏ 1,பட்டியல்
எல் 15,=வி(டிரேஸ்)
பிஏஎல்ஆர் 14,15
எஸ்டி 15,டிரேஸ்ஆர்சி
எல்எம் 14,1,வைப்பு

எஸ்டிஎம் 14,1 என்பது 14, 15, 0, 1 என்று சுற்றி வந்து நான்கு ரெஜிஸ்டர், 16 பைட். ‘வைப்பு’ என்ற இடம் அழைப்பவரின் சொந்த வேலையிடத்தில் இருக்க வேண்டும். ஆர்13 காட்டும் சேவ் ஏரியாவில் வைத்தால் டிரேஸின் எஸ்டிஎம் அதன் மேல் எழுதிவிடும். அப்புறம், டிரேஸ் குறிப்பில் உண்மையான ஆர்15 தெரிய வேண்டுமென்றால் ‘வைப்பு’வின் முகவரியையும் பட்டியலில் அனுப்புங்கள். அதன் 4-வது பைட்டில் இருப்பதுதான் நீங்கள் தேடும் எண்.

டிரேஸின் ரிட்டர்ன் கோடு ‘டிரேஸ்ஆர்சி’ என்ற தனி வேர்டில் போய்விடுகிறது. வேண்டுபவர் பார்க்கலாம், வேண்டாதவர் விட்டுவிடலாம். டிரேஸ் வேலை செய்யவில்லை என்ற காரணத்துக்காக ஒரு புரோகிராமின் பாதை மாறவே கூடாது என்பது என் கட்சி. அனுபவசாலிகள் சிலர் இதை மறுப்பார்கள். ஆடிட்டுக்கான பதிவு என்றால் அவர்கள் சொல்வது நியாயம், ஆனால் அதை டிரேஸ் என்று அழைக்கக் கூடாது.

0, 4, 8 எதற்காக

ரிட்டர்ன் கோடுகள் நான்கின் மடங்குகளாக வருவதற்குக் காரணம் எளிமையானது. ஒரு கிளைக் கட்டளையின் நீளம் 4 பைட். பி *+4(15) என்று எழுதி, அதன் கீழே கிளைக் கட்டளைகளை வரிசையாக அடுக்கினால், ஆர்15-ல் உள்ள எண்ணே நேராகச் சரியான வரிக்குத் தள்ளிவிடும். ஒப்பிட வேண்டிய அவசியமே இல்லை. இப்போது இப்படி எழுதுபவர்கள் குறைவு, பழக்கம் மட்டும் நின்றுவிட்டது.

அசெம்பிளர், கம்பைலர்களில் 0 சரி, 4 எச்சரிக்கை, 8 பிழை, 12 கடுமையான பிழை, 16 மேலே ஓட முடியாது. உங்கள் டிரேஸுக்கு இவ்வளவு தேவையில்லை. பதிவாயிற்று என்றால் 0, டிரேஸ் அணைக்கப்பட்டிருந்தால் 4, பராமீட்டர் தவறு என்றால் 8. இயங்குதளத்தின் ஜிடிஎஃப் என்ற டிரேஸ் வசதிக்குக் குறிப்பு அனுப்பும் ஜிடிரேஸ் மேக்ரோவும் பதிவானால் 0, ஜிடிஎஃப் ஓடவில்லையென்றால் 4 என்றுதான் தருகிறது. அதே மரபில் போனால், பிறகு உங்கள் ரொட்டீனுக்குள்ளேயே ஜிடிரேஸைப் போட்டாலும் அழைப்பவர்கள் எதையும் மாற்ற வேண்டியதில்லை. ஜிடிஎஃப் பதிவுகளை இசட்/ஓஎஸ்ஸில் ஐபிசிஎஸ் என்ற டம்ப் படிக்கும் கருவியின் ஜிடிஎஃப்டிரேஸ் கட்டளை படிக்கும்படி அடுக்கித் தரும். எம்விஎஸ் 3.8ஜேயில் அந்த வேலை ஏஎம்டிபிஆர்டிஎம்பி என்ற புரோகிராமுடையது.

இந்த 4 தப்பித்து வெளியே போனால் என்ன ஆகும்? பழகுவதற்கு நான் கொடுக்கும் வேலை பச்சைக் கொழுந்துக் கணக்கு: முதல் ஸ்டெப்பில் விவசாயிகளின் எடைகளைக் கூட்டுவது, இரண்டாவதில் பட்டுவாடாப் பட்டியல் அச்சிடுவது. முதல் புரோகிராமின் கடைசி வேலை டிரேஸ் அழைப்பு. மேக்ரோ இல்லாமல் நேரடியாக அழைத்து, ஆர்15-ஐச் சுழியாக்காமல் முடித்தால், டிரேஸ் அணைந்திருந்த அன்று ஸ்டெப் 0004 என்று முடியும். இரண்டாவது ஸ்டெப்பில் காண்ட்=(0,என்இ) இருக்கிறது. அதற்கு ‘முந்தைய கோடு 0 இல்லையென்றால் என்னைத் தாண்டிப் போ’ என்று பொருள். கூட்டல் சரி, எடை சரி, பட்டியல் மட்டும் அச்சாகாது. பிழைச் செய்தியும் இருக்காது.

ஐஇஎஃப்பிஆர்14 கதை இங்கே பொருத்தம். ஒன்றுமே செய்யாமல் திரும்புவதற்கென்றே எழுதப்பட்ட அந்தப் புரோகிராம் முதலில் பிஆர் 14 என்ற ஒரே வரி. ஆர்15-ல் நுழைவு முகவரி அப்படியே கிடந்ததால் ரிட்டர்ன் கோடு கண்டபடி வந்தது. எஸ்ஆர் 15,15 சேர்த்த பிறகுதான் சரியானது. ஒரு வரிப் புரோகிராமின் நீளம் இரு மடங்கு ஆனது என்று சிரிப்பார்கள்.

சோதனை

அதே கொழுந்துக் கணக்கில் ஒரு ரெக்கார்டின் எடை இடத்தை வேண்டுமென்றே காலியாக விடுங்கள். பேக்டு எண்ணாக 24 கிலோ என்றால் 024சி என்று இருக்க வேண்டிய இடத்தில் 4040 இருக்கும். 40 என்பது எப்சிடிக் என்ற மெயின்ஃபிரேம் எழுத்துக் குறியீட்டில் வெற்றிடம். கூட்டல் கட்டளை எஸ்0சி7-ல், அதாவது தரவு சரியான எண் இல்லை என்ற பிழையில், விழும். கூட்டலுக்கு முன் போட்ட டிரேஸின் கடைசிக் குறிப்பில் 4040 தெரிந்தால் உங்கள் ரொட்டீன் வேலை செய்கிறது. எஸ்0சி7-க்குப் பதிலாக எஸ்0சி1 (இல்லாத கட்டளை) அல்லது எஸ்0சி4 (தொடக் கூடாத நினைவகம்) வந்தால் அது பெரும்பாலும் நீங்கள் கொண்டுவந்த விருந்து. ஆர்14 அல்லது அடிப்படை ரெஜிஸ்டர் கெட்டு, புரோகிராம் காட்டுக்குள் பாய்ந்திருக்கும்.

அடுத்து, தனியாக ஒரு சோதனைப் புரோகிராம். 12, 13 தவிர மற்ற ரெஜிஸ்டர்களில் அடையாளம் தெரியும் எண்களை ஏற்றி, கண்டிஷன் கோடை 0 ஆக்கி, மேக்ரோவை அழையுங்கள். திரும்பியதும் கண்டிஷன் கோடை முதலில் பாருங்கள், ஏனென்றால் ரெஜிஸ்டர்களை ஒப்பிடப் போடும் சிஎல்சி அதை மாற்றிவிடும். பிறகு எஸ்டிஎம்மில் எல்லாவற்றையும் கொட்டி ஒப்பிடுங்கள். கோடு 1, 2, 3-க்கும் இதையே செய்யுங்கள். டிரேஸ் இயங்கும்போது ஒருமுறை, அணைந்திருக்கும்போது ஒருமுறை. அணைந்திருக்கும் பாதையை யாரும் சோதிப்பதில்லை. உற்பத்தியில் வருடம் முழுக்க ஓடப்போவது அதுதான்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு

நிஜ இசட்/ஓஎஸ்ஸில் ரெஜிஸ்டர்கள் 64 பிட். 64-பிட் புரோகிராம்கள் 144 பைட் சேவ் ஏரியா தருவதுண்டு. அங்கே 4-வது பைட்டில் பின்சங்கிலி இருக்காது, எஃப்4எஸ்ஏ என்ற நான்கு எழுத்து இருக்கும். ரெஜிஸ்டர்கள் எஸ்டிஎம்ஜி 14,12,8(13) என்று 8-வது பைட்டிலிருந்து சேமிக்கப்படும், பின்சங்கிலி 128-ல், முன்சங்கிலி 136-ல். 4-வது பைட்டில் எஃப்1எஸ்ஏ என்று கண்டால் அந்த ரொட்டீன் ரெஜிஸ்டர்களைச் சேவ் ஏரியாவில் வைக்காமல், பிஏகேஆர் கட்டளையால் லிங்கேஜ் ஸ்டாக்கில் வைத்திருக்கிறது. அழைப்பு வரிசையைப் பின்னோக்கி நடக்கும் டிரேஸ் ரொட்டீன் எழுதினால், 4-வது பைட்டை முகவரியாக எடுத்துக்கொள்ளும் முன் இந்த இரண்டு எழுத்துத் தொடர்களுக்கும் ஒப்பிட்டுப் பாருங்கள். பார்க்காமல் அதை முகவரியாகப் பிடித்துப் போனால், பிழை தேட வைத்த ரொட்டீனே எஸ்0சி4-ல் விழும்.